ஒரு கரண்டி பாஸ்தா

தண்ணீர் கொதிக்கட்டும் என்று வசந்தாமணி காத்துக்கொண்டு நின்றாள். கொதித்த பிறகுதான் பாஸ்தாவைப் போட வேண்டும், அவசரப்பட்டால் கூழாகிவிடும் என்று மகள் மேனகா காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறாள். மேனகாவின் எழுத்து மேலே மேலே ஏறிக்கொண்டு போகும், கடைசி வரி தாளைவிட்டே வெளியேறிவிடுமோ என்று இருக்கும். மணி மூன்றே கால். வெளியே ஆடிக் காற்று பிடித்துக்கொண்டது, பக்கத்து வீட்டு மாடியில் காயப்போட்ட போர்வை சுவரில் மோதி மோதி விழுகிறது. உள்ளறையில் அவர் தூங்குகிறார். தூங்குகிறாரா? கடைசியாக இருமியது பத்து நிமிஷத்துக்கு முன்னால். இருமல் இல்லையென்றால் தூக்கம் என்று அர்த்தம், இல்லாவிட்டால் விழித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருக்கிறார் என்று அர்த்தம், இல்லாவிட்டால், வேண்டாம், அந்த மூன்றாவதை அவள் நினைக்க மாட்டாள். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று டாக்டரே சொல்லிவிட்டார். நாள் இருக்கிறது என்பதை ஒரு நல்ல செய்தியாக எடுத்து மடியில் கட்டிக்கொள்கிற நிலைமை வந்துவிட்டதே என்று நினைத்தாள். கட்டிக்கொண்டாள். தண்ணீரின் அடியில் சின்னச் சின்னக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, மேலே வருவதா வேண்டாமா என்று அவற்றுக்கே தெரியவில்லை. ஏனோ அம்மாவின் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து கையில் ஒரு காகிதக் கப்பைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா. இப்போது எதற்கு அம்மா? உப்புப் போட வேண்டும். போட்டாள்.

டாக்டர் நல்ல மனுஷன்தான், சின்ன வயசு, பேசும்போது மேஜையைப் பார்த்தே பேசினார். கணவரை மருந்துக்கடைப் பக்கம் சக்கர நாற்காலியில் விட்டுவிட்டு, நாச்சிமுத்து வீட்டுக்காரம்மா மட்டும் உள்ளே வாங்க என்று நர்ஸ் கூப்பிட்டபோதே வசந்தாமணிக்குப் புரிந்துவிட்டது. நோயாளியை வெளியே விட்டுக் கூட வந்தவளை உள்ளே கூப்பிடுவது எதற்கென்று அறியாத வயசா அவளுக்கு, ஐம்பத்தாறு ஆகிறது. கணையத்தில் ஆரம்பித்து ஈரலுக்குப் போய்விட்டதாம். மூன்று மாதமாம், இழுத்துப் பிடித்தால் நான்கு. அவள் என்ன கேட்டிருக்க வேண்டும், வேறு ஊருக்குக் கொண்டுபோகலாமா, வேறு மருந்து உண்டா என்றல்லவா? அவள் கேட்டது, இனிமேல் சாப்பாடு என்ன கொடுப்பது என்று. பதினோரு வருஷமாகச் சர்க்கரை, கூடவே கொழுப்பு, எதைக் கொடுக்கலாம் எதைக் கொடுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள் என்று நோட்டைக்கூட எடுத்துவிட்டாள். டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார், திரும்பப் பூட்டினார். "இனிமே பத்தியமெல்லாம் வேண்டாம்மா. அடிக்கடி விரல்ல குத்திப் பாக்கவும் வேண்டாம். என்ன கேக்கறாரோ அதைக் குடுங்க." அவ்வளவுதான். தமிழ் பேசுகிற ஊரில் பிறந்த எவருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்ன சொன்னாரு என்று அவர் கேட்டார். வயித்துல புண்ணாமுங்க, மருந்துல ஆறிருமாம் என்றாள். நாக்குக் கொஞ்சம்கூடக் குழறவில்லை. இப்படிப் பொய் சொல்லத் தனக்கு வருமென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆட்டோவில் வரும்போது முந்தானைக்குள் விரல் மடக்கி எண்ணினாள், ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. ஐப்பசியில் விரல் நின்றது. தீபாவளி தாண்டுமா? கார்த்திகைக்கு விரலை மடக்காமல் அப்படியே வைத்துக்கொண்டாள்.

அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் மேனகா சொன்னாள். ஹைதராபாத்தில் இருக்கிறவள், எதையும் முகத்துக்கு நேரே பேசிப் பழகியவள். லீவு எடுத்துக்கொண்டு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள், அந்த நாலு நாளும் அம்மாவைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டுபோய் இதையே சொன்னாள். அவருக்குத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறதாம். இருக்கட்டும். உரிமை வேறு, அந்த மனுஷன் வேறு. பஸ் டெப்போவில் முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். கூட வேலை பார்த்த ஒருத்தருக்கு இதே மாதிரி வந்து, வீட்டில் உண்மையைச் சொல்லி, அவர் பதினேழாம் நாளே போய்ச் சேர்ந்தார். அந்தச் சாவுக்குப் போய்விட்டு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இவர் சொன்னார், சீக்கு கொல்லலைடி, சேதிதான் கொன்னுச்சு, எனக்கும் தெரிஞ்சா அதோட சரி, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன் என்று. திரும்பிப் படுத்துக்கொள்வார். அவளுக்குத் தெரியும். மூன்று மாதம் என்றால் மூன்று மாதமும் அவர் அவராகவே இருக்க வேண்டும், பேப்பர் படித்துக்கொண்டு, காபி ஆறிவிட்டது என்று குறை சொல்லிக்கொண்டு. தெரியாத வரைக்கும்தான் அது. அதனால் தெரியக் கூடாது. இந்த வீட்டில் இப்போது அவளுக்கு இருப்பது அந்த ஒரே வேலைதான். தண்ணீர் தளதளவென்று பொங்கியது. பாஸ்தாவைக் கொட்டினாள், ஓரம் சாய்வாக வெட்டிய குழல் குழலாக, சத்தத்தோடு விழுந்து அடியில் போய்ப் படுத்தது.

இன்றைக்குக் காலையில் கஞ்சி கொடுக்கும்போதுதான் கேட்டார். கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, மேனகா அன்னைக்கு ஓவன்ல ஒண்ணு செஞ்சாளே, மேல சீஸ் போட்டு, அது செஞ்சு தர்றயா என்றார். செய்யறனுங்க என்றாள். கேட்ட மறுநொடி. கேட்டதைக் குடுங்க என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இவர் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பன்னிரண்டு நாளில் முதல்முறையாக வாய்விட்டு ஒன்று கேட்டிருக்கிறார், அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கஞ்சியைக் குடித்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்? ஒன்றுமில்லை. முகம் வற்றிப்போனால் கண் பெரிதாகத் தெரியும், பார்ப்பதெல்லாம் உற்றுப் பார்ப்பது மாதிரி இருக்கும். அவர் கண்ணயர்ந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கடைக்குப் போய் வெண்ணெயும் மைதாவும் சீஸும் குடைமிளகாயும் வாங்கி வந்தாள். சீஸ் இருக்கும் அந்தக் குளிர்பெட்டிப் பக்கம் அவள் பதினோரு வருஷமாகத் திரும்பியதே இல்லை. கடைக்காரப் பெண் வீட்டில் விசேஷமா என்று கேட்டாள். ஆமாம் என்றாள். அதுவும் நாக்கில் தானாக வந்தது.

ஓவனைச் சூடாக்க வேண்டும், பத்து நிமிஷம் காலியாக. காலியாகவா! கை சுவிட்சுக்குப் போய்விட்டது, நல்லவேளை. கதவைத் திறந்து உள்ளிருந்து அந்தக் கவரை எடுத்தாள். மேனகா வாங்கி வைத்துவிட்டுப் போன ஓவன், மூன்று வருஷமாக மேலே துணி போட்டு மூடிக் கிடந்தது, இந்த வீட்டில் அவர் தொடாத ஒரே பெட்டி. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை ஒளிக்க அதைவிட நல்ல இடம் கிடைக்கவில்லை. பீரோவில் வைத்தால் பென்ஷன் புத்தகம் தேடும்போது பார்ப்பார், அரிசி டப்பாவில் வைத்தால் பூச்சி அரிக்கும். இங்கிலீஷில்தான் இருக்கிறது, ஆனால் அவர் படிப்பார், எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவார், பெரிய எழுத்தில் போட்டிருக்கும் அந்த வார்த்தையைப் படிக்க எழுத்துக்கூட்டக்கூட வேண்டாம். கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட். மூன்று சுற்று. அவள் இரண்டு சுற்றுத்தானே போட்டாள்? கையில் அதை வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டா மூன்றா? அன்றைக்கு ராத்திரி அவசரமாக வைத்தது. இரண்டு சுற்றுப் போட்டால் தொளதொளவென்று இருக்கும் என்று மூன்றாவதும் போட்டாளா, இல்லை யாராவது பிரித்துவிட்டுத் திரும்பச் சுற்றியதா? யாராவது என்றால் இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? அவர் எழுந்து இவ்வளவு தூரம் வந்திருக்க முடியுமா? கடைக்குப் போயிருந்த நேரத்தில்? சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரைக்கும் வருகிறவருக்கு அங்கிருந்து சமையலறை ஏழெட்டு அடி. இல்லை, இல்லை, மேனகா. மேனகாதான் போகிற அன்றைக்கு எடுத்து ஒவ்வொரு பக்கமாக போட்டோ பிடித்தாள், யாரோ பெரிய டாக்டருக்கு அனுப்ப. அவள்தான் சுற்றினாள். அவளுக்கு எதையும் இறுக்கிக் கட்டுகிற வழக்கம், பள்ளிக்கூடம் போகிற நாளில் ஜடையைக்கூட அப்படித்தான் கட்டிக்கொள்வாள். மூச்சு வந்தது. கவரை உளுந்து டப்பாவுக்குப் பின்னால் செருகிவிட்டு ஓவனைப் போட்டாள். கம்பிகள் கொஞ்ச நேரம் கறுப்பாக இருந்தன, பிறகு சிவந்தன.

வெண்ணெய் உருகும்போது மைதாவைப் போட்டுக் கிளற வேண்டும், பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும், கை நிற்கக் கூடாது, நின்றால் கட்டி தட்டும். கை நிற்கவில்லை. கை பாட்டுக்குக் கிளறியது, மனசு எங்கேயோ போயிற்று. எத்தனை வருஷம் இந்தக் கை ஒரு ஸ்பூன் வெண்ணெயை அவர் தட்டுக்குத் தெரியாமல் ஒளித்திருக்கிறது. வீட்டுக்காரி இல்லை, ஜெயிலர் என்று அவர் ஊரெல்லாம் சொல்லுவார். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் எதிர்வரிசையில் உட்கார்ந்துகொண்டு அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள், ஜிலேபிப் பக்கம் கை போனால் தொண்டையைக் கனைப்பாள். கை திரும்பிவிடும். வாரத்துக்கு இரண்டு தரம் விரலில் ஊசி குத்தி, வந்த எண்ணை நோட்டில் எழுதி, ஏறியிருந்தால் அன்றைக்கு முழுக்கப் பேச மாட்டாள். கூடாது. கூடாதுங்க. சொன்னா கேக்கோணும், கூடாது. இந்த வீட்டில் அவள் அதிகமாகச் சொன்ன வார்த்தை எதுவென்று யாராவது கணக்கெடுத்தால் அதுதான் வரும். அத்தனை கூடாதும் எதற்காக? அவர் எண்பது வயசு வரைக்கும் இருக்க வேண்டும் என்பதற்காக. அறுபத்து நாலில் வந்து நிற்கிறது. அந்த ஜிலேபியை அவர் தின்றிருக்கலாம். எல்லா ஜிலேபியையும் தின்றிருக்கலாம். இப்படித் தோன்றியதும் அவளுக்குத் தன்மேல் வந்த வெறுப்பை என்ன செய்வதென்று தெரியவில்லை, பாலில் ஒரு கட்டி தட்டியிருந்தது, அதைக் கரண்டியின் முதுகால் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து நசுக்கினாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மேனகா இதைச் செய்தபோது வீடே சிரித்துக் கிடந்தது. வெந்த பாஸ்தா, வதக்கிய குடைமிளகாய், வெள்ளையாக இந்தக் குழம்பு, எல்லாவற்றையும் கண்ணாடிப் பாத்திரத்தில் கொட்டி மேலே துருவிய சீஸைத் தூவி ஓவனுக்குள் வைத்தாள். இப்போது வசந்தாமணி செய்வதுபோலவேதான், ஒன்றுவிடாமல். அன்றைக்கு அவர் ஒரு கரண்டி வாங்கினார். முதல் வாயில் சீஸ் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது, அதை விரலில் சுற்றிச் சுற்றி வாயில் போட்டுக்கொண்டார், கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது கரண்டிக்குத் தட்டை நீட்டினார். வசந்தாமணி தட்டையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். மேனகா, பாவம்மா அப்பா என்றாள். அவர் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, காட்டிக்கொள்ளாமல் சமையலறைக்கு வந்தாள். என்ன சொன்னார்? மேனகாவைக் கூப்பிட்டுத்தான் சொன்னார், எழுதி வெச்சுக்க என்று ஆரம்பித்தார். எதை எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார்? டெப்போவைப் பற்றி ஏதோ. டியூட்டியோ ஷிஃப்டோ. வாய் வரைக்கும் வருகிறது, போய்விடுகிறது. அந்த இடத்தில் மறுபடியும் அம்மா வந்து உட்கார்ந்துகொள்கிறாள், காகிதக் கப்போடு. சரி, போகட்டும். சீஸைத் துருவினாள். பாக்கெட் முழுவதையும் துருவினாள், வெள்ளையாக ஒரு குவியல், எடுத்துத் தூவத் தூவ மனசு கொஞ்சம் ஆறியது. ஒரு தட்டு முழுசாகப் போட வேண்டும். அவர் போதும் என்கிற வரைக்கும். பெரிய தட்டு ஒன்றைக் கழுவித் துடைத்து எடுத்து வைத்தாள்.

கண்ணாடிப் பாத்திரத்தை உள்ளே தள்ளிக் கதவை மூடி, டைமரை இருபது நிமிஷத்துக்குத் திருகினாள். அது டிக் டிக் என்று ஓட ஆரம்பித்தது. நிமிர்ந்தால், சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கிறார். வேட்டியை இடுப்பில் இரண்டாக மடித்துச் செருகியும் நிற்கவில்லை, ஒரு கையால் அதைப் பிடித்திருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. அவள் பார்வை தன்னை அறியாமல் உளுந்து டப்பாவுக்குப் போய்த் திரும்பியது. ஏன் எழுந்து வந்தீங்க என்றாள். வாசம் வந்துச்சு என்றார். மணி நாலு ஆறு இருக்குமா என்று கேட்டுவிட்டு அவரே சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். நாலு ஆறுதான். தெருமுனையில் திரும்புகிற பஸ்ஸின் சத்தத்தை வைத்து எந்த வண்டி எத்தனை நிமிஷம் லேட் என்று படுத்துக்கொண்டே சொல்லுகிறவர். அவர் ஓவனைப் பார்த்தார். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் சீஸ் குவியல் அப்படியே இருந்தது, இன்னும் உருகத் தொடங்கவில்லை. துடைத்து வைத்த பெரிய தட்டைப் பார்த்தார்.

"நெசமாவே செய்யறயா வசந்தா?"

"கேட்டீங்கல்ல."

அவர் தலையை ஆட்டினார். மெதுவாக, ஒருவர் நெடுநேரம் ஒரு விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சரி என்பது போல ஆட்டினார். பிறகு திரும்பிச் சுவரைத் தடவிக்கொண்டு போனார். கட்டில் கிரீச்சிட்டது. ஒருக்களித்துப் படுக்கிற சத்தம். எந்தப் பக்கம் ஒருக்களித்தார்? சுவர்ப் பக்கமா?

டிக் டிக். அந்தச் சத்தம் இவ்வளவு பெரிதாக மேனகா செய்த அன்றைக்கு இருந்ததாக ஞாபகம் இல்லை. வசந்தாமணி ஓவனுக்கு முன்னால் சின்ன ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அவர் ஏன் அப்படித் தலையாட்டினார்? கேட்டார், செய்கிறாள், இதில் நெசமாவே என்ன? நெசமாவே என்றால் அவர் நம்பவில்லை. செய்ய மாட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறார். செய்ய மாட்டாள் என்று தெரிந்தே ஒருவர் எதற்குக் கேட்க வேண்டும்? காலையில் அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பதினோரு வருஷமாக எதைச் சொன்னாளோ அதை. அது வரவில்லை, செய்யறனுங்க என்பது வந்தது, அவர் திரும்பி அவளைப் பார்த்தார். சீஸின் நடுவில் ஒரு குழி விழுந்தது, ஓரங்கள் இளகிச் சரிந்தன. இப்போதுதான் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் காபியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுகிறாள், ஆஸ்பத்திரியில் இருந்து வந்த மறுநாளில் இருந்து. ஏன் என்று அவர் கேட்கவில்லையே? பன்னிரண்டு நாளாக விரலில் ஊசி குத்தவில்லை, நோட்டை எடுக்கவில்லை. மேனகா தினம் இரண்டு தரம் போன் பண்ணி அப்பாவோடு பேசணும் என்கிறாள், முன்னெல்லாம் வாரத்துக்கு ஒரு தரம். பக்கத்து வீட்டம்மா ஆப்பிள் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் போனாள். இரண்டு நிமிஷம் லேட்டாக வருகிற பஸ்ஸைச் சத்தத்தில் கண்டுபிடிக்கிற மனுஷன். அவர் இதையெல்லாம் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இவள்பாட்டுக்கு வெண்ணெயில் மைதாவைக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறாள். டிக் டிக். அப்போது அது வந்தது, அத்தனை நேரம் வாய் வரைக்கும் வந்து போனது, அவருடைய குரலோடு, மேனகாவின் சிரிப்போடு முழுசாக வந்தது. மேனகா, எழுதி வெச்சுக்க கண்ணு. உங்கம்மா என்னைக்கு எனக்கு இதை ஒரு தட்டு முழுசாப் போடறாளோ, அன்னைக்கு உங்கப்பனுக்கு டியூட்டி முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

அம்மாவின் கையில் இருந்தது ஐஸ்கிரீம் கப். முப்பது வருஷம் மூச்சிழுப்போடு இருந்தவள், குளிர்ந்த தண்ணீரைக்கூடத் தொடவிட்டதில்லை. கடைசியில் அந்த டாக்டரும் கேட்டதைக் குடுங்க என்று இதே வாக்கியத்தைச் சொன்னார், அம்மா ஐஸ்கிரீம் கேட்டாள், வசந்தாமணிதான் ஓடிப்போய் வாங்கி வந்து கையில் கொடுத்தாள். அம்மா கப்பைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், அப்படியா என்றாள். அவ்வளவுதான், அப்படியா. முழுக் கப்பையும் சாப்பிட்டாள். அதற்கப்புறம் வீட்டுக்கு எப்போது போகலாம் என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை, நாலாம் நாள் போய்விட்டாள். இத்தனை வருஷம் அதை அம்மாவின் கடைசி ஆசையை நிறைவேற்றிய கதையாகத்தான் வசந்தாமணி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். சேதியை அவளேதான் கப்பில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். இன்றைக்கும் அதே கை, ஆறு பேர் சாப்பிடுகிற கண்ணாடிப் பாத்திரம் நிறைய. உள்ளே சீஸ் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி அங்கங்கே சிவந்துகொண்டிருந்தது. கருகவிட்டுவிடலாமா? கருகிப்போச்சுங்க என்று சொல்லிவிடலாம். சொன்னால் மட்டும் என்ன? செய்யறனுங்க என்று சொன்னது கருகாது. பயம் என்றால் என்னவென்று அவளுக்கு இதுவரை தெரிந்திருக்கவில்லை, டாக்டர் அறையில் வந்தது பயம் இல்லை, இதுதான் பயம். டைமர் மணி அடித்தது. அவள் திடுக்கிட்டு எழுந்தாள். கூடாது என்று ஓவனைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தாள். வெறும் காற்றுத்தான் வந்தது. இன்னொரு தரம் சொன்னாள்.

பெரிய தட்டை அலமாரிக்குள் திரும்ப வைத்தாள். காபி டம்ளரை மூடுகிற சின்னத் தட்டு ஒன்றை எடுத்தாள். பாத்திரத்தின் ஓரத்தில் இருந்து ஒரு கரண்டி பாஸ்தா, அதன் மேல் இருந்த சீஸைக் கரண்டி முனையால் வழித்துத் தள்ளிவிட்டாள், ஒரு நூல் மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டது, இருக்கட்டும். பக்கத்தில் ஐந்து வில்லை வெள்ளரிக்காய். உள்ளறையில் அவர் சுவர்ப் பக்கம்தான் திரும்பிப் படுத்திருந்தார். எந்திரிங்க என்றாள், கொஞ்சம் அதட்டலாகவே. அவர் எழுந்து உட்கார்ந்து தட்டை வாங்கினார். பார்த்தார். வெள்ளரிக்காயை விரலால் தொட்டுப் பார்த்தார். இவ்வளவுதானா என்று கேட்டார்.

"பின்ன? காலைல ஏதோ பாவமேன்னு செய்யறன்னு சொல்லிட்டேன். வாய்க்கு ருசி பாக்க ஒரு கரண்டி. புண்ணு ஆறற நேரத்துல இதைத் தின்னு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனா, அங்க பெஞ்சுல படுத்துட்டுக் கெடக்க என்னால ஆகாதுங்க."

அவர் சாப்பிட்டார். மென்று, நிறுத்தி, மறுபடி மென்று, ஒரு கரண்டியை அவ்வளவு நேரம் சாப்பிட்டார். ஒட்டியிருந்த அந்த ஒரு சீஸ் நூலை விரலில் சுற்றி வாயில் போட்டுக்கொண்டார். காற்று ஜன்னல் கதவை அடித்துச் சாத்தியது. பிறகு அவர் தட்டை நீட்டினார்.

"இன்னொரு கரண்டி."

கேள்வியாகக் கேட்கவில்லை. தட்டு நீண்டிருந்தது, கண் அவள் முகத்தைவிட்டு அகலவில்லை. அந்தக் கை எவ்வளவு மெலிந்துவிட்டது, தட்டின் பாரத்துக்கே ஆடுகிறது. சமையலறையில் பாத்திரம் நிறையச் சூடாக இருக்கிறது, எல்லாம் அவருக்காகச் செய்தது, இந்த உலகத்தில் வேறு யார் அதைத் தின்றும் அவளுக்கு ஒன்றும் ஆக வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தன் கையாலேயே அவர் போதும் போதும் என்கிற வரைக்கும் ஊட்ட வேண்டும் என்று இருந்தது, அதைத் தவிர வேறெந்த ஆசையும் அவளுக்கு இல்லை. கேட்கிறாரே. பசியோடு கேட்கிறாரே.

"கூடாதுங்க."

குரல் வந்துவிட்டது. தேவைக்கு மேலேயே வந்தது, பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். "கூடாதுன்னா கூடாது. ஒரு தரம் சொன்னா உங்களுக்குப் புரியாதா?" என்று தட்டைப் பிடுங்கினாள்.

அவர் கை வெறுமனே நீண்டபடி இருந்தது. பிறகு நெற்றியில் பன்னிரண்டு நாளாக இருந்த ஒரு சுருக்கம் தளர்ந்தது, அது அங்கே இருந்ததே அது போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அவர் சிரித்தார். சரி சரி, கத்தாத புள்ள, ஊரே கேக்குது என்றார். தலையணையில் சாய்ந்து ஒரு பெரிய மூச்சு விட்டார். ஜெயிலரு அப்படியேதான் இருக்கா என்று மின்விசிறியிடம் சொன்னார். அவள் அங்கே நிற்க முடியாமல் அலமாரியைத் திறந்து சர்க்கரை பார்க்கிற மெஷினையும் நோட்டையும் எடுத்து வந்தாள். பேட்டரி தீந்துபோயிருந்துச்சுங்க, இன்னைக்குத்தான் வாங்கினேன், அதுதான் இத்தனை நாள் பாக்கலை என்றாள். விரல் நீட்டுங்க. ஊசி என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு முனகுகிறவர், கேட்டதும் நீட்டினார், எந்த விரல் வேண்டுமோ எடுத்துக்கொள் என்பது போல ஐந்தையும் விரித்து நீட்டினார். அவள் மோதிர விரலில் குத்தினாள். இந்த வலி அவருக்குத் தேவையே இல்லை. ஒரு சொட்டு வந்தது. இருநூத்தி எண்பத்தாறு என்று படித்து, ஒரு கரண்டிக்கே இந்த லட்சணம் என்று திட்டிவிட்டு, பழைய எண்ணுக்குக் கீழே இன்றைய தேதி போட்டு எழுதினாள்.

"சரி புள்ள, இனிக் கேக்கலை," என்றார். விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டார். "பொங்கலுக்கு மேனகா வருவாளல்ல, அதுவரைக்கும் உன்ற சொல்படி பத்தியமா இருந்துக்கறேன். அன்னைக்கு மட்டும் ரெண்டு கரண்டி போடோணும். அதுக்காச்சும் ஒத்துக்க."

வசந்தாமணி நோட்டை மூடினாள். மார்கழி, தை. அவள் எண்ணவே துணியாத விரல்கள்.

"ரெண்டெல்லாம் ஆகாதுங்க," என்றாள். "ஒண்ணரை."

அவர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டார். பிறகு, சரி ஒண்ணரை என்று ஒத்துக்கொண்டார்.